நன்கொடையாளர் பட்டியலில் புள்ளிகள் காணாமல் போகின்றன: விழா மலரை எந்தக் கோப்பு வடிவில் அச்சகத்துக்குக் கொடுப்பது?

ஈத்தாம்_மல்லிகை எழுதியது:

வணக்கம். பினாங்கு ஆயர் ஈத்தாமிலிருந்து எழுதுகிறேன். எங்கள் மாரியம்மன் கோயிலில் 12 ஆண்டு கழித்துக் கும்பாபிஷேகம் நடக்கப் போகிறது. மலர் தயாரிக்கும் பொறுப்பை நிர்வாகக் குழு என்னிடம் கொடுத்திருக்கிறது. ஏ4 அளவு, 64 பக்கம், 800 பிரதி. நான் இந்தத் தொழிலில் இருப்பவள் இல்லை. கணக்கு வேலை பார்க்கிறேன். உறவுக்காரர்களுக்குக் கல்யாணப் பத்திரிகை செய்து கொடுத்துப் பழகியதால் ஃபோட்டோஷாப் நன்றாகத் தெரியும்.

முதலில் இன்டிசைன் என்ற பக்க வடிவமைப்பு மென்பொருளில்தான் ஆரம்பித்தேன். தமிழை ஒட்டியதும் 'கொ' என்ற எழுத்தில் கொம்பு ஓரிடத்தில், கால் ஓரிடத்தில் என்று சிதறிப் போனது. ஃபோட்டோஷாப்பில் அந்தத் தொல்லை இல்லை. அதனால் ஒவ்வொரு பக்கத்தையும் ஏ4 அளவில் 300 பிபிஐ (அங்குலத்துக்கு 300 பிக்சல்) வைத்து அதிலேயே செய்து ஜேபெக்காகச் சேமித்தேன். 64 பக்கமும் முடிந்துவிட்டது.

சென்ற வாரம் அச்சகத்திலிருந்து மாதிரித் தாள்கள் வந்தன. படங்கள் பரவாயில்லை. எழுத்துதான் நெஞ்சை உறுத்துகிறது. நன்கொடையாளர் பட்டியல் 7 புள்ளி (பாயிண்ட்) எழுத்தளவு, 412 பெயர். 20 வெள்ளி (ரிங்கிட்) கொடுத்தவரிலிருந்து 5,000 வெள்ளி கொடுத்தவர் வரை எல்லாரும் ஒரே அளவு எழுத்தில் வர வேண்டும் என்று நான்தான் பிடிவாதமாகச் சொன்னேன். அந்தப் பட்டியலில் மூன்று முத்தம்மாள் இருக்கிறார்கள். மூன்று பேருக்குமே மெய்யெழுத்தின் புள்ளி சரியாக வரவில்லை. 'முததமமாள' என்று படிக்க வேண்டியிருக்கிறது. எழுத்தைச் சுற்றி லேசாகச் சிவப்பும் நீலமுமாக ஓரம் கட்டியது போல ஒரு நிழல் வேறு.

இன்னும் சில. கோயில் சின்னம் படிக்கட்டு போல் வெட்டு விழுந்து வந்திருக்கிறது. கோபுரத்து முருகனின் மயில் நீலம் கத்தரிப்பூ நிறமாகிவிட்டது. 1962இல் நடந்த கும்பாபிஷேகத்தின் படம் ஒன்றை என் பெரியம்மா வாட்ஸ்ஆப்பில் அனுப்பினார், அது குழம்பியிருக்கிறது.

அச்சகத்தில் கேட்டால் "பிடிஎஃப் கொடுங்கள்" என்றார்கள். 64 ஜேபெக்கையும் ஒரே பிடிஎஃப் ஆக்கிக் கொடுத்தேன். அதே கதை. அப்படியானால் டிஃப் கொடுக்கவா? பிஎன்ஜி? இபிஎஸ் என்று ஒருவர் சொல்கிறார். கோப்பு கொடுக்க இன்னும் மூன்று வாரம் இருக்கிறது. தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

---

செந்தூல்_பிளேட் எழுதியது:

சகோதரி, உங்கள் பட்டியலைப் பற்றிப் படித்ததும் என்னால் சும்மா இருக்க முடியவில்லை. நான் கோலாலம்பூரில் 1993 முதல் அச்சுக்கு முந்தைய வேலையில் இருக்கிறேன். முதலில் ஃபிலிம் ஒட்டினேன், இப்போது சிடிபியில், அதாவது ஃபிலிம் இல்லாமல் கணினியிலிருந்தே நேராக, அச்சுப் பிளேட் எடுக்கிறேன். புள்ளி தொலைந்துபோவது எனக்குப் பழைய துக்கம்.

ஃபிலிம் காலத்தில் எங்கள் கடையில் ஒரு சீன அண்ணன் இருந்தார். அத்தனை சுத்தமான கை. நெகட்டிவ் ஃபிலிமை விளக்கு மேசையில் விரித்து, ஊசித்துளை போல் ஒளி கசியும் இடங்களையெல்லாம் சின்னத் தூரிகையால் செங்காவி நிற மை தொட்டு அடைப்பார். தூசியால் வரும் துளைகள் அவை, அடைக்காவிட்டால் தாளில் கறுப்புப் பொட்டாக விழும். நெகட்டிவில் நம் மெய்யெழுத்தின் புள்ளியும் அதே மாதிரி ஓர் ஒளித்துளைதான். ஒரு தமிழ்ப்பள்ளி மலரின் இரண்டு பக்கத்தில் பாதிப் புள்ளிகளை அவர் அடைத்துவிட்டார். பிளேட் போட்டு மெஷினில் ஏற்றிய பிறகுதான் நான் பார்த்தேன். அன்றிலிருந்து தமிழ் ஃபிலிம் வந்தால் லூப்பைக் கண்ணில் வைத்துக்கொண்டே "தித்திக்கா, ஹாபுக்கா?" என்று என்னைக் கூப்பிட்டுக் கேட்பார். புள்ளியா, தூசியா என்று மலாயில் கேட்பது அது. அவர் ஓய்வு பெறும்வரை கேட்டுக்கொண்டிருந்தார்.

இப்போது உங்கள் கோப்பில் அதே வேலையை ஜேபெக் செய்கிறது. அதற்குக் கேட்கத் தெரியாது.

கணக்குப் போட்டுக் காட்டுகிறேன், நீங்கள் கணக்குக்காரர் என்பதால். 7 புள்ளி எழுத்தில் மெய்ப்புள்ளியின் குறுக்களவு சுமார் கால் மில்லிமீட்டர். 300 பிபிஐயில் ஒரு பிக்சல் 0.085 மிமீ. ஆக உங்கள் புள்ளிக்குக் கிடைத்தது மூன்றே பிக்சல். ஜேபெக் படத்தை எட்டுக்கு எட்டு பிக்சல் கட்டங்களாக வெட்டி, கட்டத்துக்குள் இருக்கும் நுணுக்கத்தில் கண்ணுக்கு எட்டாது என்று நினைப்பதைத் தூக்கி எறிகிறது. வானம், முகம், பட்டுப்புடவை மாதிரி மெல்ல மாறும் நிறத்துக்கு அது நல்ல வழி. வெள்ளைத் தாளில் கறுப்புப் புள்ளி போன்ற கூர்மையான ஓரம் வந்தால் தடுமாறும். கறுப்பில் கொஞ்சம் வெளியே சிந்தும், வெள்ளை கொஞ்சம் உள்ளே நுழையும்.

அதோடு முடியவில்லை. நிறமோ சாம்பலோ கலந்த படம் எதுவும் அச்சில் நுண்புள்ளி வலையாக மாற வேண்டும். ஆர்ட் தாளில் அங்குலத்துக்கு 150 வரி வலை என்றால் ஒரு கட்டம் 0.17 மிமீ. ஏற்கெனவே சாம்பலாகிப் போன உங்கள் புள்ளி ஒன்றரைக் கட்டத்தில் எப்படி உட்காரும்? அதே புள்ளி எழுத்தாகவே, அதாவது பிக்சல் இல்லாத கோட்டு வடிவமான வெக்டராகவே வந்தால், 2400 டிபிஐ (அங்குலத்துக்கு 2400 லேசர் புள்ளி) பிளேட்டில் குறுக்கே 24 லேசர் புள்ளிகள் சேர்ந்து அதை வட்டமாக வரையும். வலை கிடையாது. மூன்று எங்கே, 24 எங்கே.

ஆகவே டிஃபா, பிஎன்ஜியா என்று மாற்றுவதில் பெரிய பயன் இல்லை. மூலக் கோப்பிலிருந்து டிஃபில் சேமித்தால் சிந்தல் போகும், மூன்று பிக்சல் மூன்று பிக்சலாகவே இருக்கும். ஜேபெக்கை பிடிஎஃபுக்குள் வைத்தாலும் உள்ளே ஜேபெக்தான். சட்டியில் இருப்பதுதானே அகப்பையில் வரும். எழுத்தைப் படமாக்காமல் கடைசிவரை எழுத்தாகவே கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும், அது ஒன்றுதான் நான் உங்களிடம் கேட்டுக்கொள்வது.

அடுத்து அந்தச் சிவப்பு நீல ஓரம். உங்கள் பக்கங்கள் திரைக்கான ஆர்ஜிபி நிற முறையில் இருக்கின்றன. ஆர்ஜிபியின் கறுப்பை அச்சு மைகளுக்கான சிஎம்ஒய்கேக்கு மாற்றினால், ஃபோட்டோஷாப்பில் பலரும் மாற்றாமலே விட்டிருக்கும் அமைப்பில், சையன் 75, மஜெண்டா 68, மஞ்சள் 67, கறுப்பு 90 என்று நான்கு மையாகப் பிரியும். ஏழு புள்ளி எழுத்தை நான்கு பிளேட் ஒன்றன் மேல் ஒன்று மிகச் சரியாக அடிக்க வேண்டும். தாள் ஈரத்தில் ஒரு மயிரிழை நீண்டால் போதும், ஓரத்தில் நிறம் எட்டிப் பார்க்கும். சின்ன எழுத்து எப்போதும் கறுப்பு 100, மற்ற மூன்றும் 0. ஒரே பிளேட். விலக எதுவுமே இல்லை.

நல்ல செய்தி ஒன்று இருக்கிறது. ஃபோட்டோஷாப்பின் மூல பிஎஸ்டி கோப்புகள் உங்களிடம் இருக்கின்றனவா? எழுத்து அடுக்குகள் டைப் அடுக்காகவே இருந்தால் வேலை வீணாகவில்லை. சிஎம்ஒய்கேக்கு மாற்றுங்கள். மாற்றும்போது அடுக்குகளை ஒன்றாக்கவா என்று கேட்கும், வேண்டாம் என்று சொல்லுங்கள். எழுத்தின் நிறத்தைக் கறுப்பு 100 என்று திரும்ப வையுங்கள், அது தானாக அப்படி ஆகாது. அப்புறம் ஃபோட்டோஷாப் பிடிஎஃப் ஆக, அடுக்குகளோடு சேமியுங்கள். எழுத்துரு உள்ளே பதிந்து, எழுத்து வெக்டராகவே நிற்கும். அக்ரோபேட்டில் திறந்து 6400 விழுக்காடு பெரிதாக்கிப் பாருங்கள். ஓரம் கத்தி போல் இருந்தால் அது எழுத்து. படிக்கட்டு தெரிந்தால் படம்.

அக்ரோபேட் ப்ரோ வைத்திருக்கும் யாராவது இருந்தால் அவுட்புட் ப்ரிவியூவைத் திறந்து கறுப்பை மட்டும் அணைக்கச் சொல்லுங்கள். பட்டியல் முழுக்க மறைந்து வெள்ளைத் தாள் தெரிய வேண்டும். பேய் மாதிரி மங்கலாக எழுத்து மிஞ்சினால் நான்கு மைக் கறுப்பு இன்னும் இருக்கிறது என்று அர்த்தம். பிளேட் எடுப்பதற்கு முன் நான் இன்றுவரை ஒவ்வொரு வேலைக்கும் செய்யும் சோதனை இது.

சின்னம், பழைய படம், மயில் பற்றி இரவு எழுதுகிறேன். கடைக்குப் போக வேண்டும்.

---

கர்வ்ஸ்_போடு எழுதியது:

இவ்வளவு சுற்ற வேண்டுமா? எல்லா எழுத்தையும் அவுட்லைன், அதாவது எழுத்துரு தேவைப்படாத கோட்டு வடிவம், ஆக்கிவிட்டு பிடிஎஃப் கொடுங்கள். எழுத்துரு காணோம் என்ற பேச்சே வராது. நான் பத்து வருடமாக பேனருக்கும் புத்தகத்துக்கும் அப்படித்தான் கொடுக்கிறேன்.

---

பிரிக்பீல்ட்ஸ்_டிசைன் எழுதியது:

மல்லிகை அக்கா, பிஎஸ்டி இருந்தால் தப்பித்தீர்கள். ஆனாலும் பட்டியலையும் நீளமான கட்டுரைகளையும் இன்டிசைனுக்கே கொண்டுபோகச் சொல்வேன். 412 பெயரை ஃபோட்டோஷாப்பில் திருத்துவது கொடுமை. கும்பாபிஷேகத்துக்கு முந்தைய நாள்வரை புதுப் பெயர் வந்துகொண்டே இருக்கும், எங்கள் பக்கத்துக் கோயில் மலரில் பட்ட அனுபவம்.

கொம்பு சிதறுவதற்குக் காரணம் உங்கள் எழுத்துரு இல்லை. இன்டிசைன் வழக்கமாகத் திறக்கும்போது ஆங்கிலத்துக்கான வரி அமைப்பானைத்தான் பயன்படுத்துகிறது. 'கொ' என்று நாம் ஒரே எழுத்தாகப் பார்ப்பது உள்ளே ஒரு ககரம், ஒரு உயிர்க்குறி. அந்தக் குறியை இரண்டாகப் பிரித்து ககரத்தின் இரு பக்கமும் நிறுத்த வேண்டும் என்பது அதற்குத் தெரியாது. எழுத்தைத் தேர்ந்தெடுத்து, பாராகிராஃப் பலகையின் மூலையில் உள்ள மெனுவில் அடோபி வேர்ல்ட்-ரெடி பாராகிராஃப் கம்போசர் என்பதைச் சொடுக்குங்கள். உடனே கூடிவிடும். பாராகிராஃப் ஸ்டைலிலேயே அதை வைத்துவிட்டால் 64 பக்கத்துக்கும் ஒரே தடவை. இல்லஸ்ட்ரேட்டரில் என்றால் விருப்பத் தேர்வுகளில் டைப் பகுதிக்குப் போய் இண்டிக் ஆப்ஷன்ஸ் காட்டச் சொல்ல வேண்டும்.

இன்னொன்று. கோயில் குழுவில் பெரியவர்கள் யாராவது கட்டுரையை யூனிகோடுக்கு முந்தைய பழைய 8-பிட் எழுத்துருவில் தட்டச்சு செய்து அனுப்பியிருந்தால், திறந்ததும் ஆங்கில எழுத்தும் குறியுமாகத் தெரியும். அதை யூனிகோடுக்கு மாற்றி, பிறகு ஒரு தடவை கண்ணால் படித்துப் பாருங்கள். மாற்றியில் சில எழுத்து தவறும். கணினித் தமிழில் நம் மலேசியா முன்னோடி. முத்து நெடுமாறன் 1985இலேயே முரசு மென்பொருளைத் தொடங்கியவர், மேக் கணினியோடு வரும் இணைமதி எழுத்துருவும் அவர் செய்ததுதான். அதனால் நம் ஊரில் பழைய கோப்புகளும் நிறைய, மாற்றித் தரத் தெரிந்தவர்களும் நிறைய.

பழைய பிடிஎஃபிலிருந்து பெயர்களை வெட்டி ஒட்டவே ஒட்டாதீர்கள். தமிழ் பிடிஎஃபிலிருந்து எடுத்தால் கொம்பு இடம் மாறும், புள்ளி அடுத்த எழுத்தின் தலையில் போய் உட்காரும். ரசீதுப் புத்தகத்தைப் பார்த்துத் தட்டச்சு செய்வதுதான் நல்லது.

---

செந்தூல்_பிளேட் எழுதியது:

கடை சாத்தியாகிவிட்டது, தொடர்கிறேன்.

தம்பி கர்வ்ஸ்_போடு, பேனருக்கு நீங்கள் சொல்வது சரி. பத்தடி பேனரில் எழுத்து ஓரடி உயரம். ஏழு புள்ளிக்கு நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். அவுட்லைன் ஆக்கினால் எழுத்து வெறும் வடிவம் ஆகிவிடுகிறது. கோப்பைப் பிளேட்டுக்கான புள்ளிகளாக மாற்றும் ரிப் அதை எழுத்தாக நினைத்து நுணுக்கமாகச் சீர் செய்யாது. சின்ன எழுத்து ஓர் இழை தடித்து விழும். 'ண'வின் சுழி அடைபட அது போதும். அதைவிடப் பெரிய கஷ்டம், பெயரில் ஒரு எழுத்து தப்பு என்று கடைசி நேரத்தில் கண்டுபிடித்தால் அச்சகத்தில் யாராலும் திருத்த முடியாது. எழுத்துருவைப் பதித்து அனுப்புவதே முறை. அட்டைத் தலைப்பை வேண்டுமானால் அவுட்லைன் ஆக்குங்கள், கெடுதல் இல்லை.

இனி கோப்பு வடிவங்களுக்கு வருகிறேன். ஒவ்வொன்றும் எதற்காகப் பிறந்தது என்று தெரிந்தால் எங்கே வைப்பது என்று குழப்பம் வராது.

டிஃப் 1986இல் ஆல்டஸ் நிறுவனம் கொண்டுவந்தது. ஸ்கேனரிலிருந்து வரும் படத்தை அப்படியே வைத்திருக்க. எதையும் தூக்கி எறியாது. ஏ4 சிஎம்ஒய்கே படம் 300 பிபிஐயில் கிட்டத்தட்ட 35 எம்பி வரும். எல்இசட்டபிள்யூ சுருக்கம் போட்டால் தரம் குறையாமல் கொஞ்சம் இறங்கும். உங்கள் 1962ஆம் ஆண்டுப் படத்துக்கு இதுதான். பெரியம்மாவிடம் வாட்ஸ்ஆப்பில் கேட்காதீர்கள், வழக்கம்போல் படமாக அனுப்பினால் அது குறுக்கிவிடும். படத்தையே வாங்கி வாருங்கள். அந்தக் காலப் படம் என்றால் ஓரத்தில் பல் பல்லாக வெட்டிய சின்ன படமாக இருக்கும், மூன்றரை அங்குலத்துக்கு ஐந்து. அதை இரண்டு மடங்கு பெரிதாக அச்சிட நினைத்தால் 600 பிபிஐயில் ஸ்கேன் செய்யுங்கள், பெரிதானதும் 300 ஆகிவிடும். கிரேஸ்கேல் டிஃப். படத்தை ஆல்பத்திலிருந்து பிய்க்க வேண்டாம், பசை காய்ந்து பின்பக்கம் கிழியும். ஆல்பத்தோடு கண்ணாடியில் கவிழ்த்து வையுங்கள்.

சின்னத்துக்கு வருவோம். இணையப் பக்கத்திலிருந்து எடுத்த சின்ன பிஎன்ஜி என்று ஊகிக்கிறேன். பிஎன்ஜி 1996இல் இணையத்துக்காகவே வந்தது. அதில் சிஎம்ஒய்கே கிடையாது. திரையில் அழகு, என் மேசையில் அதற்கு இடமில்லை. கோயிலின் பழைய கடிதத்தாள் ஏதாவது கறுப்பு மையில் அடித்தது கிடைக்குமா என்று பாருங்கள். கிடைத்தால் அதை 1200 பிபிஐயில், லைன் ஆர்ட் என்ற தேர்வில், ஒரு பிட் டிஃபாக ஸ்கேன் செய்யுங்கள். ஒவ்வொரு பிக்சலும் கறுப்பு அல்லது வெள்ளை, நடுவில் சாம்பலே கிடையாது. கோப்பும் மிகச் சின்னது. ரிப் அதற்கு வலை போடாமல் நேராகப் பிளேட்டில் எழுதும், உளியால் செதுக்கியது போல் வரும். செயலாளரின் கையெழுத்து, கோலம், யந்திரம் எல்லாவற்றுக்கும் இதே வழி. இன்றைய பிள்ளைகள் மறந்துவிட்ட வடிவம் இது, எனக்கு மிகவும் பிடித்தது. நேரம் இருந்தால் இதே ஸ்கேனை இல்லஸ்ட்ரேட்டரில் வைத்து மேலே வரைந்து வெக்டராக்கிவிடுங்கள், அடுத்த கும்பாபிஷேகத்துக்கும் உதவும்.

இபிஎஸ் சொன்னவர் என் வயதுக்காரராக இருப்பார். போஸ்ட்ஸ்கிரிப்ட் என்ற பக்க விவரிப்பு மொழி அச்சை ஆண்ட காலத்தில் சின்னம் என்றாலே இபிஎஸ்தான். 1985இல் லேசர்ரைட்டர் அச்சுப்பொறியும் பேஜ்மேக்கர் மென்பொருளும் வந்த பிறகு எங்கள் தொழிலே போஸ்ட்ஸ்கிரிப்டில்தான் பிழைத்தது. நிழல், மங்கல் போன்ற ஊடுதெரியும் பொருள்களை அது அப்படியே வைத்திருக்காது, தட்டையாக்கிவிடும். பழைய சின்னம் இபிஎஸ்ஸில் இருந்தால் திறந்து பயன்படுத்துங்கள். புதிதாக அதில் சேமிக்கக் காரணம் எதுவும் இல்லை.

ஜேபெக்கைத் தீண்டத்தகாதது என்று நான் சொல்லவில்லை. கேமராவிலிருந்து வந்த ஜேபெக் நல்ல ஜேபெக். அதைத் திறந்து வெட்டி, திருத்தி, மறுபடி ஜேபெக்காகவே சேமித்து, நாளை மறுபடி திறந்து என்று போனால்தான் ஒவ்வொரு சேமிப்பிலும் கொஞ்சம் தேய்கிறது. முதல் தடவை திறந்ததும் பிஎஸ்டியாகவோ டிஃபாகவோ வைத்துக்கொண்டு வேலை செய்யுங்கள்.

கடைசியில் அச்சகத்துக்குப் போவது பிடிஎஃப், ஆனால் எந்த பிடிஎஃபும் இல்லை. இன்டிசைனில் வெளியேற்றும்போது மிகச் சிறிய கோப்பு என்ற தேர்வை எடுத்தால் படமெல்லாம் திரைக்கு மட்டும் போதுமான தரத்துக்கு இறங்கிவிடும். அச்சுக்கென்றே ஐஎஸ்ஓ 15930 என்ற தரம் இருக்கிறது. 2001இல் வந்த எக்ஸ்-1ஏ எழுத்துரு எல்லாம் உள்ளே இருக்க வேண்டும், நிறம் சிஎம்ஒய்கேவும் ஸ்பாட்டும் (தனியாகக் கலந்த மை) மட்டும், ஊடுதெரிதல் கூடாது என்கிறது. பின்னால் வந்த எக்ஸ்-4 ஊடுதெரிதலை அப்படியே அனுமதிக்கிறது. உங்கள் அச்சகத்தின் ரிப் எதை விரும்புகிறது என்று கேளுங்கள். இரண்டையும் ஏற்கும் என்றால் எக்ஸ்-4 கொடுங்கள். எக்ஸ்-1ஏ என்றால் ஒரு எச்சரிக்கை: நிழல் போட்ட படத்துக்குக் கீழே எழுத்து அடுக்கு இருந்தால், தட்டையாக்கும்போது அந்த எழுத்தும் படமாகிவிடும். எழுத்தை எப்போதும் எல்லாவற்றுக்கும் மேல் அடுக்கில் வையுங்கள். அம்மன் படத்தின் ஒளிவட்டம் பட்டியலைத் தொடுகிறதா என்று குறிப்பாகப் பாருங்கள்.

பக்கத்தின் நாலு ஓரமும் வெட்டுக்காக 3 மிமீ கூடுதலாக விட வேண்டும், அதாவது 216க்கு 303 மிமீ. நீங்கள் ஏ4 அளவிலேயே செய்ததாகச் சொல்கிறீர்கள். பின்புல நிறம் ஓரம் வரை போகும் பக்கங்களை மட்டும் நீட்டினால் போதும்.

மயில். திரையின் நீலம் மையில் கிடையாது, அதில் நாம் ஏமாந்துதான் ஆக வேண்டும். ஆனால் கத்தரிப்பூ ஆக வேண்டியதில்லை. சையனும் மஜெண்டாவும் நெருங்கி வரும்போதுதான் நீலம் ஊதாவாகிறது. கழுத்துப் பகுதியில் மஜெண்டாவைச் சையனைவிட 30க்கு மேல் குறைவாக இறக்குங்கள். முன்னதாக அச்சகத்தில் எந்த நிற விவரக்கோப்பு என்று கேட்டு வாங்கி, அதிலேயே சிஎம்ஒய்கேக்கு மாற்றுங்கள்.

---

ஈத்தாம்_மல்லிகை எழுதியது:

அண்ணே, தங்கச்சி, இருவருக்கும் எப்படி நன்றி சொல்வதென்று தெரியவில்லை. பத்து நாளாக வேலை முடிந்து வந்து இரவு ஒரு மணி வரை உட்கார்ந்தேன். நடந்ததைச் சொல்கிறேன், பின்னால் தேடி வருகிறவர்களுக்கு உதவும்.

58 பக்கத்துக்கு பிஎஸ்டி இருந்தது. ஆறு பக்கத்துக்கு ஜேபெக் மட்டும்தான், அடுக்குகளை ஒன்றாக்கிச் சேமித்திருக்கிறேன். அந்த ஆறையும் புதிதாகச் செய்தேன். பட்டியல், தலவரலாறு, தலைவர் உரை எல்லாம் இப்போது இன்டிசைனில். வேர்ல்ட்-ரெடி கம்போசரைச் சொடுக்கிய நிமிடம் கொம்பெல்லாம் ஓடிவந்து சேர்ந்துகொண்டது. இரண்டு வருடத்துக்கு முன்பே இது தெரிந்திருந்தால் எத்தனை இரவு மிச்சமாகியிருக்கும்.

கறுப்பை அணைக்கும் சோதனையை அச்சகத்துப் பையனே செய்து காட்டினார். முதல் முறை பட்டியலின் தலைப்பு மட்டும் பேய் மாதிரி நின்றது. அதன் நிறத்தைத் திருத்தினேன், இரண்டாவது முறை தாள் வெள்ளை. எக்ஸ்-4 ஏற்பதாகச் சொன்னார்கள்.

சின்னம் கிடைத்தது. பழைய ரசீதுப் புத்தகத்தின் அட்டையில் கறுப்பு மையில், கடிதத்தாளைவிடப் பெரிதாகவே. நீங்கள் சொன்னபடி 1200இல் ஒரு பிட்டாக எடுத்தேன். சூலத்தின் மூன்று முனையும் தனித்தனியாகத் தெரிகின்றன.

பெரியம்மா ஆல்பத்தையே கொண்டுவந்தார். நீங்கள் சொன்ன மாதிரி பல் ஓரம்தான். ஸ்கேன் செய்து திரையில் பெரிதாக்கினால், தேர் வடத்தைப் பிடித்து நிற்கிற கூட்டத்தில் இடது ஓரத்தில் ஒரு சிறு பையன். வாட்ஸ்ஆப்பில் வந்த படத்தில் அந்த இடம் வெறும் கறையாக இருந்தது. அது யார் என்று பெரியம்மா இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறார்.

நேற்று புதிய மாதிரி வந்தது. பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். முத்தம்மாளுக்கு மூன்று புள்ளி. மூன்று பேருக்கும் சேர்த்து ஒன்பதும் இருக்கின்றன.

ஒரு சந்தேகம் மட்டும். மயில் இப்போது ஊதா இல்லை, ஆனால் கொஞ்சம் சோர்ந்த நீலமாக இருக்கிறது. இதற்கு மேல் கோப்பில் ஏதாவது செய்யலாமா?

---

செந்தூல்_பிளேட் எழுதியது:

ஒன்பதும் இருக்கின்றன என்று படித்தபோது கடையில் எல்லாருக்கும் வாசித்துக் காட்டினேன்.

மயிலுக்கு இனி கோப்பில் கை வைக்காதீர்கள். இப்போது பார்ப்பது டிஜிட்டல் மாதிரி, மெஷினில் ஆர்ட் தாளில் ஆஃப்செட் மை விழும்போது வேறு மாதிரி நிற்கும். அந்தப் பக்கம் ஓடுகிற நாளில் நேரில் போய் நில்லுங்கள். முன்னதாகச் சொல்லி வையுங்கள், பெரும்பாலும் மறுக்க மாட்டார்கள். முதலில் வரும் தாள்கள் கழிவு, மை நிதானப்பட்ட பிறகு எடுத்துப் பார்க்கச் சொல்வார்கள். மயில் இருக்கும் இடத்தின் நேர்க்கோட்டில் மட்டும் சையனைக் கொஞ்சம் ஏற்ற மெஷின்காரரால் முடியும். ஏற்றினால் அதே கோட்டில் மேலும் கீழும் வரும் படங்களும் சேர்ந்து நீலமாகும், அதனால் அந்தத் தாளில் மயிலோடு சேர்ந்து எந்தப் பக்கங்கள் வருகின்றன என்று முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள். யாருடைய முகமாவது அதே கோட்டில் இருந்தால் மயிலை விட்டுவிடுங்கள்.

பூதக்கண்ணாடியை மறக்காமல் எடுத்துப் போங்கள்.